சரவெடிப் பாட்டைத் திருப்பிப் போட்டவன்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் கட்டியதைச் சொல்கிறேன், கேளுங்கள். மலேசியாவில் கிள்ளான் ஊரில் ஒலிபெருக்கிக் கடை. அதன் பின்னால் பந்தல் சாமான் கிடங்கு. அதற்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். என் மண்டபத்தில் மைக் கத்தாது, கரகரக்காது. கடைசி வரிசையில் காது மந்தமான ஆள் உட்கார்ந்திருந்தாலும் மந்திரம் கேட்கும். ஒரு மகனை டாக்டர் ஆக்கினேன், ஒரு மகளைக் கணக்கர் ஆக்கினேன். மலாய் பேசப் பழகினேன். சீனரிடம் அவர் பாஷையிலேயே விலை குறைத்து வாங்கப் பழகினேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. கப்பலை விட்டு இறங்கியபோது என்னிடம் இருந்தவை ஒரு தகரப் பெட்டியும், இசைத்தட்டில் முள்ளைப் பதமாக இறக்கத் தெரிந்த இந்த வலது கையும்தான்.

இதெல்லாம் கிடக்கட்டும். இதைவிடப் பெரிய காரியத்தை நான் கப்பல் ஏறுவதற்கு முன்பே செய்துவிட்டேன்.

விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டியதும் சரவெடி வெடிப்பார்கள். வெடித்து முடித்த கையோடு ஒரு பழைய பாட்டுப் போடுவார்கள். ஒரு பெண் தனியாகப் பாடுகிற மெதுவான பாட்டு. போனவன் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துப் பாடுவாள். கல்யாணத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. படத்தின் பெயர் கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ‘சரவெடிப் பாட்டு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டை அந்த மண்ணில் முதலில் ஒலிக்க விட்டவன் நான்.

விருதுநகரில் பழைய பாட்டுப் பிரியர்கள் சிலர் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பாட்டுகளைப் பற்றி அவர்கள் ஒரு மலர் போடப் போகிற செய்தி எங்கெங்கோ சுற்றி என் கைபேசிக்கு வந்தது. அதனோடு வந்த காணொளியில் ஒருவர் பேசுகிறார்: “சரவெடிப் பாட்டை நமக்குத் தந்தவர் திருத்தங்கல் ரேடியோ செட் முதலாளி, அமரர் ராமையா அண்ணாச்சி.” ராமையா அண்ணாச்சி என் முதலாளிதான். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பாட்டு ஒலித்த நேரத்தில் அவர் சமையல் கொட்டகையில் நின்று சுடச்சுட உளுந்த வடை தின்றுகொண்டிருந்தார்.

என் மனைவி இருந்திருந்தால் இதை அவளிடம் சொல்லி ஆறியிருப்பேன். அவள் போய்விட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தில். வீட்டில் இப்போது பாட்டை எவ்வளவு உரக்க வைத்தாலும் “சத்தத்தக் குறைங்க” என்று சொல்ல ஆளில்லை. பெட்டியைக் கட்டினேன்.

மதுரையில் ஏறிய பஸ் விருதுநகருக்குள் போகவில்லை. புறவழிச் சாலையில் வெயிலுக்கு நடுவே நிறுத்தி, கண்டக்டர் என் பெட்டியை இறக்கி வைத்தார்.

“ஊருக்குள்ள போகாதா?”

“போர்டப் பாக்கலையா தாத்தா? இங்கன ஆட்டோ வரும், நில்லுங்க.”

ஆட்டோ வந்தது, சாவகாசமாக. கிள்ளானில் இந்நேரம் ஒரு மழை பெய்து ஓய்ந்திருக்கும். இங்கே வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. பசி வேறு. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் எண்ணெய்ப் பரோட்டா தின்றேன். கிள்ளானில் பரோட்டாவை ரொட்டி சானாய் என்பார்கள், பஞ்சு மாதிரி இருக்கும். பருப்புக் குழம்பு ஊற்றுவார்கள். இது எண்ணெயில் முழுகி எழுந்து அப்பளம் போல நொறுங்கும். சால்னாவை ஊற்றிப் பிசைந்தால்தான் பணியும். ஒருகாலத்தில் ஒரே மூச்சில் ஆறு தின்றவன். இரண்டாவதில் பாதியை வைத்துவிட்டேன்.

“பல்லு ஒத்துழைக்கலையா அண்ணாச்சி?” என்றார் கல்லாவில் இருந்தவர்.

“பல்லு எல்லாம் சொந்தப் பல்லு. கூடத் திங்க ஆளு இல்ல.”

அவர் சிரித்தார். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துக்கொண்டார்.

சங்கத்தின் செயலாளர் கணேசன், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வீட்டுச் சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மோர் கொடுத்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்லுதது நெசமாவே இருக்கலாம்யா. ஆனா மலர்ல போடணும்னா பாத்த ஆளு ஒருத்தர் வேணும்ல?”

“பாத்த ஆளு நாந்தான்.”

“நீங்க செஞ்ச ஆளு. நான் கேக்கது பாத்த ஆளு. ராமையா அண்ணாச்சிக்கு ஊரே சாட்சி சொல்லுது.”

“ஊரு அன்னைக்குப் பந்தலுக்கு வந்துச்சா?”

“கோவிச்சுக்கிடாதீக. சனிக்கிழம சிவகாசில அச்சுக்கு ஏறிரும். காலண்டர் சீசன். பிரஸ்ல நமக்குன்னு ஒரு நாளு ஒதுக்குனதே பெருசு. அதுக்குள்ள ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க, போட்டுருவோம்.”

என் வயதுக்காரன் ஒருவனை உயிரோடு கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள்.

அன்று நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கல்யாணம். பெண் வீடு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள், மாப்பிள்ளை வீடு பட்டாசு ஆபீசில். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம். எங்கள் ரேடியோ செட் என்றால் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பேட்டரி, ஒரு மைக், தட்டுச் சுழற்றும் கருவி, கம்பத்தில் கட்டிய இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு. பந்தலுக்குப் பின்னால் சாக்கு மறைப்பில் உட்கார்ந்து நான் முள்ளை வைப்பேன். தாலி கட்டும் நேரத்துக்கு அப்போது எங்கும் ஒரே பாட்டுத்தான்: ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிற ஒரு குதூகலமான பாட்டு. அது ஒலிக்காவிட்டால் கல்யாணமே செல்லாது என்கிற மாதிரி கேட்பார்கள்.

வெடி வெடிக்கிற ஊரில் ரேடியோக்காரனுக்கு ஒரு முறை உண்டு. சரத்துக்குத் தீ வைக்கும் முன் கை காட்டுவார்கள். முள்ளைத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிர்ச்சியில் முள் துள்ளித் தட்டைக் கீறிவிடும். அன்று பெண்ணின் தாய்மாமன் வெளியிலிருந்து ஒரு சரம் வாங்கி வந்திருந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா தங்கள் ஆபீஸ் சரம் கொண்டுவந்திருந்தார். எந்தச் சரம் முதலில் என்று காலையிலிருந்தே பேச்சு முற்றிக்கொண்டிருந்தது. தாலி எடுத்துக் கொடுக்கும் பெரியவர் கைதூக்கும் முன்பே மாமன் பற்றவைத்தார். அதைப் பார்த்துச் சித்தப்பாவும் பற்றவைத்தார். எனக்கு எவரும் கை காட்டவில்லை. முள் துள்ளியது. தட்டில் நீளமாக ஒரு கீறல். ‘என் கண்ணே, என் கண்ணே, என் கண்ணே’ என்று குழாய் ஒரே இடத்தில் நின்று கத்துகிறது. பந்தல் ஓலையில் பொறி. ஒரு பக்கம் தண்ணீர் கொண்டு ஓடுகிறார்கள், ஒரு பக்கம் தாலி கட்டுகிறார்கள்.

அடுத்த தட்டைத் தேட நேரமில்லை. கையில் இருந்ததைத் திருப்பிப் போட்டேன். ஒருவரும் கேட்டிராத மறுபக்கம். அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள். இரண்டு சரமும் ஓய்ந்திருந்தன. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு அந்த ஒற்றைக் குரல் வந்ததும் பந்தல் அப்படியே நின்றுவிட்டது. சண்டை போட்டவர்கள் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த கல்யாணத்தில், “வெடி முடிஞ்சதும் அந்தப் பிள்ள பாடுமே, அதப் போடுங்க” என்று கேட்டார்கள். அதற்கடுத்த கல்யாணத்திலும் கேட்டார்கள். வானொலியில் அதை விரும்பிக் கேட்டு இந்த ஊர்க்காரர்கள் கார்டு எழுதியதெல்லாம் அதற்குப் பிறகு. தட்டைத் திருப்பியவன் நான்.

மறுநாள் திருத்தங்கல். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது ராமையா அண்ணாச்சியின் பேரன் பிரபு டி.ஜே. செட் வைத்திருக்கிறான். ஆள் உயரத்துக்குப் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். நான் தொழில்காரன் என்று தெரிந்ததும் நாற்காலி போட்டான், டீ சொன்னான், ஒவ்வொரு பெட்டியையும் தட்டிக் காட்டினான். தரமான சாமான்தான், வயர் கட்டியிருந்த லட்சணம்தான் சரியில்லை. அதையும் சொல்லிவிட்டேன்.

வந்த காரியத்தையும் சொன்னேன். அவன் முகம் கோணவில்லை.

“தாத்தா, நீங்களே போட்டிருப்பீக. நான் இல்லன்னு சொல்லல. ஆனா எங்க தாத்தா பேரு வந்தா எனக்கு ரெண்டு ஆர்டர் கூட வரும். உங்க பேரு வந்தா உங்களுக்கு என்ன வரும்?”

டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

சுவரில் அந்தக் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. மலருக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறானாம். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில். ஓரத்தில் அண்ணாச்சி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, செட்டுக்கே சொந்தக்காரர் என்கிற நிமிர்வோடு. மேலே கம்பத்தில் குழாய். நான் எங்கும் இல்லை. கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். இல்லை.

சாயங்காலம் நான் தங்கியிருந்த விடுதிக்கு எதிர் மண்டபத்தில் ஒரு வரவேற்பு. வாசலில் சரவெடி. புகை அடங்குவதற்குள் பாட்டு வந்துவிட்டது. அதே பாட்டு. கால் தானாக உள்ளே போனது. ஒரு அம்மா பன்னீர் தெளித்துக் கேட்டார், “வாங்க, வாங்க. மாப்ள வீடா, பொண்ணு வீடா?”

“ரேடியோ வீடு” என்றேன்.

அது ஏதோ ஊர் என்று நினைத்தார் போல. “தூரத்துல இருந்து வந்திருக்கீக, மொதப் பந்தியிலேயே உக்காருங்க” என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். இலையில் எல்லாம் இருந்தது. இரு பக்கமும் தெரியாத முகங்கள். பாட்டு முடிகிறவரை சாப்பிட்டேன். முடிந்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

ஆமத்தூரில் அந்த ஏழாயிரம்பண்ணைக் கல்யாணத்து மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் இருப்பதாகக் கேள்விப்பட்டு அடுத்த நாள் போனேன். டவுன் பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. அந்தச் சத்தத்துக்குப் பஸ்ஸில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சின்ன வெடிதான்” என்றார் ஒருவர். இறங்கி நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். “அவுக போன பங்குனியிலயே தவறிட்டாகளே” என்றார்கள். இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்லிக் கேட்டேன். அவர்களும் இல்லை. எனக்குத் தெரிந்த பெயர்கள் தீர்ந்துவிட்டன. வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்; அதற்குள் டயர் மாற்றியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சிவகாசியில் ஒரு வேன் நின்றது. உள்ளே பெண்கள். “ஏழாயிரம்பண்ணை போகுமா?” என்றேன். “போகும், ஏறுங்க” என்றார்கள். போனது. ஆனால் ஊருக்குப் போகவில்லை. காய்ந்த காட்டுக்கு நடுவில் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலுக்குப் போனது. காவலாளி என் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார். சட்டைப் பையைத் தடவினார். செருப்பைக் கழற்றச் சொன்னார்.

“இந்த வயசுலயா வேலைக்கு வாரீக? எந்த ரூம்ல போட்டிருக்காக உங்கள?”

வேனில் வந்த பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பேச்சியம்மாள் என்கிற பெண்தான் என் பக்கம் பேசினார்.

“ஏ, அவுக வெளிநாட்டு ஆளுப்பா. சட்டையப் பாத்தா தெரியல? யாரத் தேடி வந்தீகய்யா?”

கல்யாணத்தைச் சொன்னேன். இரண்டு சரம், பந்தல் தீ. பேச்சியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டார். “ஆத்தாடி! அது எங்க சீனியம்மா பெரியம்மா கல்யாணம்ல. இன்னிக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக.”

கல்யாணப் பெண்ணே உயிரோடு இருக்கிறாள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? மூன்று நாளும் ஆண்களையே தேடியிருக்கிறேன்.

கைபேசியையும் செருப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டு, வழி கேட்டு நடந்தேன். கோயிலைத் தாண்டி நீலக் கதவு. சீனியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கிறது. சரவெடிப் பாட்டு என்று நான் சொன்னதும் கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்தப் பாட்டப் போட்டவன் கையில கெடச்சா நாலு கேக்கணும்னு இருக்கேன்.”

“கெடச்சுட்டேன். கேளுங்க.”

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “நீங்கதானா? தாலி ஏறுத நேரத்துல போடுத பாட்டா அது? வாசலப் பாத்து அழுத பாட்டு! அப்படியே வாச்சுது பாருங்க எனக்கு. எங்க வீட்டுக்காரரு லாரில லோடு ஏத்திட்டுப் போனா, வந்தாத்தான் வந்தாரு. பாதி ஆயுசு வாசலப் பாத்தே போச்சு. இப்ப மொத்தமாப் போயிட்டாரு.”

“எங்க வீட்டுலயும் போயிட்டா” என்றேன்.

அவர் கீரையை மறுபடி எடுத்து உருவ ஆரம்பித்தார்.

பிறகு என் தேவையைச் சொன்னேன். தட்டைத் திருப்பியது நான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“நான் எப்படிப் பாத்தேன்னு சொல்லுவேன்? கல்யாணப் பொண்ணு. தலையக் குனிஞ்சுல்ல இருந்தேன். என் கால் வெரலத் தவிர அன்னைக்கு நான் ஒண்ணையும் பாக்கல.” அப்புறம் அவராகவே சொன்னார்: “குரலு கேட்டேன். பாட்டுக்கு முந்தி குழாயில ஒரு குரலு வந்துச்சு. ‘பொறுங்க, பொறுங்க’ன்னு.”

முள்ளைத் தூக்கிய கையோடு நான் மைக்கில் சொன்னதுதான் அது. இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே மறந்து போயிருந்தது.

“அது ராமையா அண்ணாச்சி குரலா இருக்குமோ?” வேண்டுமென்றே கேட்டேன்.

“அவுகளா? அவுக எங்கள எங்கன பொறுங்கன்னு சொல்லுவாக? ‘ஏ, இருங்கலே’ன்னுதான் வெரட்டுவாக. அப்பல்லாம் எங்க தெருவுல வந்து மரியாதையா ஒரு வார்த்த பேசுனது யாரு? அந்தக் குரலு ஒண்ணுதான். அதுனாலதான் நெனப்புல இருக்கு. யாரோ எளவட்டம்.”

அங்கிருந்தே கணேசன் சாருக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். சீனியம்மாள் தெளிவாகச் சொன்னார். போனில் ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால் அந்தப் பக்கம் பேசியதும் கேட்டது.

“முகத்தப் பாத்தீகளா ஆத்தா?”

“குரலக் கேட்டேங்கேன். முகம் எதுக்குய்யா? பாட்டுப் பாடுனவ முகத்த நீங்க பாத்தீகளா?”

கணேசன் சார் சிரித்துவிட்டார். “நாளைக்கு வாங்க, பாப்போம்” என்றார். புறப்படும்போது சீனியம்மாள் கீரையில் பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். விடுதியில் தங்குகிறவனுக்குக் கீரை எதற்கு? வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை அச்சகம். இயந்திரச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. தாள் ஏறிவிட்டது, அந்தப் படம் வருகிற பக்கம் மட்டும் மிச்சம். சங்கத்தார் கூடிப் பேசி முடிவெடுத்ததாகக் கணேசன் சார் காதுக்குள் சொன்னார். படத்துக்குக் கீழே வந்தது இது: ‘சரவெடிப் பாட்டை முதன்முதலில் ஒலிக்கச் செய்தவர்கள் ராமையா அண்ணாச்சியும் உதவியாளர் ஒருவரும்.’

“உங்கள விட்டுறலல்ல?” என்றார்.

உதவியாளர் ஒருவர்! மை ஈரம் காயாமல் ஒரு பிரதியைக் கையில் கொடுத்து, பஸ் நிலையம்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். மரியாதையான மனிதர். அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

இப்போது கிள்ளானில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே மழை. மலர் மேசைமேல் கிடக்கிறது. படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் திரும்பவும் பார்த்தேன். குழாயிலிருந்து ஒரு வயர் இறங்குகிறது. அண்ணாச்சியின் தலைக்குப் பின்னால் போய், பந்தல் கால் ஒன்றைச் சுற்றி, படத்தின் ஓரம்வரை வந்து அங்கே முடிகிறது. வயர் முடியவில்லை, படம் முடிகிறது. நேர்த்தியாகக் கட்டிய வயர். என் கைக்கட்டு எனக்குத் தெரியும்.

சங்கத்தாருக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த முறை இந்தப் படத்தை எங்கே போட்டாலும் அண்ணாச்சியின் பெயரை நீக்க வேண்டாம். மாப்பிள்ளை பெயர், சீனியம்மாள் பெயர் எல்லாம் இருக்கட்டும். அந்த வயர் படத்தின் ஓரத்தைத் தொடுகிற இடத்தில், மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவு எழுத்தில், ‘வேலுச்சாமி, தட்டைத் திருப்பிப் போட்டவர்’ என்று போடுங்கள். இடம் மிச்சமிருந்தால், ‘பொறுங்க என்று சொன்னவர்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.